பார்த்ததைப் பிரெஞ்சில் சொல்வது: கொடைக்கானலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் வழிகாட்டிகள், ஜீப் ஓட்டுநர்கள், வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், பிளஸ் டூவில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் ஆகியோருக்கு மாலை நேரத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து வருகிறேன். வணக்கம் சொல்லவும் விலை சொல்லவும் எல்லோரும் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். “காலையில் என்ன பார்த்தீர்கள், எப்படி இருந்தது” என்று யாராவது கேட்டுவிட்டால்தான் தயக்கம் வருகிறது. அந்த இடத்தில் எழும் ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை நம் தமிழ் வினைச்சொற்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

“நடந்ததையும் நிகழ்காலத்திலேயே சொல்லிவிட்டால் அவர்களுக்குப் புரியாதா? இறந்தகாலம் கட்டாயம் வேண்டுமா?”

கட்டாயம் வேண்டும். ‘இலியா அன் கோர் ஸ்யுர் லா ரூத்’ என்றால் சாலையில் ஒரு காட்டுமாடு நிற்கிறது என்று பொருள். கேட்டவர் உடனே கேமராவை எடுப்பார், அல்லது பயந்து நின்றுவிடுவார். ‘இலியாவே அன் கோர் ஸ்யுர் லா ரூத்’ என்றால் காட்டுமாடு நின்றது, இப்போது அங்கே இல்லை. இரண்டுக்கும் இடையில் இருப்பது ‘வே’ என்ற ஒரே அசைதான். காட்டுமாடு ஊருக்குள்ளேயே நடமாடும் இடத்தில் இந்த ஓர் அசை இலக்கண விவகாரம் மட்டுமன்று, பாதுகாப்பு விவகாரமும் ஆகும்.

“பிரெஞ்சு வாக்கியங்களைத் தமிழில் எழுதித் தரும்போது வரும் ‘ழ’வை எப்படிச் சொல்ல வேண்டும்? தமிழ் ழகரம்தானா?”

இல்லை. பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதும்போது ‘ழ’ என்ற எழுத்தை வேறோர் ஒலிக்குப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு; ‘ழான்’ என்ற பெயர் அப்படி எழுதப்படுவதே. ‘ஷ’ என்பதைத் தொண்டை அதிரும்படி சொன்னால் அந்த ஒலி வரும். ‘யு’ என்று முடியும் இடங்களில் உதட்டை ‘உ’ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு, வாய்க்குள் ‘ஈ’ சொல்ல வேண்டும். ‘ஆன்’, ‘ஓன்’, ‘ஏன்’ ஆகியவற்றில் வரும் ‘ன்’ பெரும்பாலும் மூக்கொலி மட்டுமே. நாக்கு மேலே படக்கூடாது. தமிழ் எழுத்து இவற்றைத் தோராயமாகத்தான் காட்டும் என்பதால், ஒரு முறையாவது பிரெஞ்சுக்காரர் ஒருவர் பேசும் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

“முதலில் எந்த வாக்கியங்களைக் கற்றுக்கொண்டால் சமாளித்துவிடலாம்?”

நான்கு போதும். ‘ழே வ்யு’ (பார்த்தேன்), ‘ழே ஆன்தான்த்யு’ (என் காதில் விழுந்தது), ‘இலியாவே’ (இருந்தது, இருந்தன), ‘சேத்தே’ (அது இப்படி இருந்தது). இவற்றை வைத்தே ஒரு காலைப் பொழுதைச் சொல்லிவிடலாம்: ‘ச மாத்தேன், ழே வ்யு அன் கோர். இலியாவே த்யு ப்ருயார். சேத்தே மாஞிஃபீக்.’ இன்று காலையில் ஒரு காட்டுமாட்டைப் பார்த்தேன், மூடுபனியாக இருந்தது, அற்புதமாக இருந்தது.

‘சேத்தே’ என்பதற்குப் பிறகு எந்தப் பெயரடையையும் சேர்க்கலாம்: ‘போ’ (அழகு), ‘கால்ம்’ (அமைதி), ‘ஏத்ரான்ழ்’ (விசித்திரம்). பெயரடையின் பால் மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள சொல்லை நான் கண்டதில்லை.

“நான் ‘ழ வ்யு’ என்று சொன்னேன். தவறு என்று திருத்தினார்கள். ஒரு ஏகாரம் விட்டுப்போனதற்கு இவ்வளவா?”

அந்த ஏகாரம்தான் இறந்தகாலத்தைத் தாங்கி நிற்கிறது. ‘ழ’ என்றால் ‘நான்’ மட்டுமே. ‘ழே’ என்பதில் ‘நான்’ என்பதோடு ‘ஆவுவார்’ என்னும் துணைவினையும் ஒட்டியிருக்கிறது. பாஸே கொம்போஸே எனப்படும் இறந்தகாலம் எப்போதும் இரண்டு துண்டுகளாகத்தான் வரும்: துணைவினை ஒன்று, வினையின் இறந்தகால எச்சம் ஒன்று. தமிழில் காலம் வினைச்சொல்லின் உள்ளேயே அடங்கிவிடுவதால் நமக்குத் துணைவினையை விழுங்கிவிடும் பழக்கம் எளிதில் வருகிறது.

விழுங்கினால் சில இடங்களில் பொருளே மாறும். ‘ழ ஃபினி’ என்றால் முடிக்கிறேன். ‘ழே ஃபினி’ என்றால் முடித்தேன். ‘ழ தி’ என்றால் சொல்கிறேன். ‘ழே தி’ என்றால் சொன்னேன். இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. ‘ழ ரகார்தே’ (பார்த்துக்கொண்டிருந்தேன்), ‘ழே ரகார்தே’ (பார்த்தேன்) ஆகிய இரண்டின் இறுதியும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே தெரிகிறது. உண்மையில் முதலாவதன் இறுதியில் வாய் சற்று அகலமாகத் திறக்கும். ஆனால் பேச்சு வேகத்தில் அந்த வேறுபாடு காதுக்கு எட்டாமல் போகலாம். எனவே வாக்கியத்தின் தொடக்கத்தையே கவனித்துக் கேட்கப் பழகுங்கள்.

“பார்த்தேன், பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டேன் – இந்த மூன்றுக்கும் மூன்று வடிவங்கள் உண்டா?”

இல்லை. மூன்றும் ‘ழே வ்யு’தான். ‘ஏற்கெனவே’, ‘எப்போதாவது’ என்ற பொருள் வேண்டுமானால் ‘தேழா’ என்ற சொல்லைத் துணைவினைக்கும் எச்சத்துக்கும் நடுவில் வையுங்கள். ‘வு ஸாவே தேழா வ்யு ல குறிஞ்சி?’ என்றால் நீங்கள் எப்போதாவது குறிஞ்சியைப் பார்த்திருக்கிறீர்களா என்று பொருள். முன்பின் அறியாதவரிடம் ‘வு’ என்றே பேச வேண்டும். அது நம் ‘நீங்கள்’. ‘த்யு’ என்ற ஒருமையை அவர்களாகச் சொல்லச் சொன்னால் ஒழியத் தவிர்ப்பது நல்லது.

“பாஸே கொம்போஸே எப்போது, ஏம்பார்ஃபே எப்போது? புத்தகத்தில் உள்ள விதிகளைப் படித்தும் பேசும்போது குழம்பிவிடுகிறது.”

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஏம்பார்ஃபே என்பது பிரெஞ்சின் இன்னோர் இறந்தகாலம்; மேலே வந்த ‘இலியாவே’, ‘சேத்தே’ ஆகியவை அந்த வடிவமே. விதிகளை அடுக்குவதற்குப் பதிலாக நமக்குத் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் லா சலேத் மாதா கோயிலின் பெயர், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் உள்ள லா சலேத் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. அங்கே 1846 செப்டம்பர் 19 அன்று நடந்ததாகச் சொல்லப்படுவதைக் கோயிலுக்குப் போகாதவர்கள்கூட இங்கே கேள்விப்பட்டிருப்பார்கள். அதை மூன்றே வாக்கியங்களில் சொல்லலாம்: ‘தெ ஸான்ஃபான் கார்தே தே வாஷ். இல் ஸோன் வ்யு யுன் தாம். எல் ப்லெரே.’ இரண்டு பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணியைக் கண்டார்கள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

மாடு மேய்த்ததும் அழுததும் அந்த நேரத்தில் நிலவிக்கொண்டிருந்தவை. அவை எப்போது தொடங்கின, எப்போது முடிந்தன என்பது கதைக்குத் தேவையில்லை. அவை நிலவரம், நிலவரத்துக்கு ஏம்பார்ஃபே. ‘கண்டார்கள்’ என்பதோ அந்த நிலவரத்தின் நடுவே நிகழ்ந்து கதையை ஓர் அடி முன்னே நகர்த்துகிறது. அது நிகழ்ச்சி; நிகழ்ச்சிக்குப் பாஸே கொம்போஸே. தமிழில் இதே கதையைச் சொல்லும்போது யாரும் சொல்லித்தராமலேயே ‘மேய்த்துக்கொண்டிருந்தார்கள்’, ‘கண்டார்கள்’, ‘அழுதுகொண்டிருந்தார்’ என்று சரியாகப் பிரித்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். இந்தப் பிரிவை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பதை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

ஏம்பார்ஃபேயை உருவாக்குவதும் எளிது. ‘நாங்கள்’ என்பதற்குரிய நிகழ்கால வடிவத்திலிருந்து இறுதியில் உள்ள ‘ஓன்’ என்பதை நீக்கிவிட்டு ‘ஏ’ என்று முடித்தால் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்குக்கும் ஒரே ஒலி கிடைத்துவிடும். எழுத்தில் மட்டும் வேறுபடும். இந்த முறைக்கு அடங்காத வினை ‘ஏத்ர்’ (இரு) ஒன்றே. அதற்கு ‘ழேத்தே’, ‘சேத்தே’ என்று வரும்.

“அப்படியானால் ‘கொண்டிருந்தது’ என்று வரும் இடமெல்லாம் ஏம்பார்ஃபே என்று எடுத்துக்கொள்ளலாமா?”

பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம், எல்லா இடங்களிலும் அல்ல. முதலாவதாக, ‘கொண்டிரு’ இல்லாமலேயே நிலவரத்தைச் சொல்லும் வினைகள் தமிழில் உள்ளன. ‘குளிராக இருந்தது’, ‘ஏரி தெரிந்தது’, ‘எனக்குப் பயமாக இருந்தது’ ஆகியவை எல்லாம் ஏம்பார்ஃபேக்கு உரியவை. இரண்டாவதாக, பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம்: ‘முன்பெல்லாம் காட்டுமாடு ஊருக்குள் வராது.’ பிரெஞ்சில் இதுவும் ஏம்பார்ஃபே: ‘ஆவான், லே கோர் ந வனே பா ஆன் வீல்.’ தமிழில் ‘வரும்’, ‘வராது’ என்று இருப்பதைப் பார்த்து எதிர்காலத்துக்குத் தாவிவிடாதீர்கள்.

மூன்றாவது இடத்தில்தான் நன்றாகப் படித்தவர்களும் இடறுகிறார்கள். ‘மூன்று மணி நேரம் மழை பெய்துகொண்டிருந்தது’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். பிரெஞ்சில் இதற்கு ‘இலா ப்ல்யு பான்தான் த்ருவா ஸேர்’ என்று பாஸே கொம்போஸே வர வேண்டும். மூன்று மணி நேரம் என்று அளவு சொல்லி முடித்துவிட்டீர்கள். தொடக்கமும் முடிவும் உள்ள காலம் பிரெஞ்சுக்காரருக்கு ஒரே நிகழ்ச்சி, அது எவ்வளவு நீண்டிருந்தாலும் சரி. ‘பான்தான்’ (இவ்வளவு நேரம்) என்ற சொல் வாக்கியத்தில் வந்தால் ஏம்பார்ஃபேயை எடுக்கும் முன் ஒரு நொடி நிதானியுங்கள்.

“மழையைப் பற்றி எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் தங்குகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.”

ஒரே சூழலில் மூன்று வாக்கியங்களை வைத்துப் பார்ப்போம். ‘கான் தோன் நே தாரிவே ஆ பேரிஜம், இல் ப்லெவே’: நாங்கள் பேரிஜம் போய்ச் சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. கடைசிப் பகுதியை மட்டும் மாற்றி ‘இல் சே மீ ஆ ப்லெவுவார்’ என்றால் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ‘இலாவே ப்ல்யு’ என்றால் போய்ச் சேரும் முன்பே மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூன்றாவது வடிவத்துக்குப் ப்ல்யுஸ்கபார்ஃபே என்று பெயர். துணைவினையை ஏம்பார்ஃபேயில் வைத்தால் அது கிடைத்துவிடும். தமிழில் ‘பெய்திருந்தது’ என்பது செய்யும் வேலையை அப்படியே அது செய்கிறது. இந்த மூன்று வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது பத்துப் பக்கப் பயிற்சித்தாளைவிட மேலானது.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை: ‘இல் ப்லெவே’ என்றால் மழை பெய்துகொண்டிருந்தது, ‘இல் ப்லெரே’ என்றால் அவன் அழுதுகொண்டிருந்தான். மேலே வந்த லா சலேத் வாக்கியத்தில் இருப்பது இந்த இரண்டாவது வினை. அடுத்தது, ‘ப்ல்யு’ என்ற எச்சம் இரண்டு வினைகளுக்குப் பொது. ‘இலா ப்ல்யு’ என்றால் மழை பெய்தது. ‘சா மா ப்ல்யு’ என்றால் எனக்குப் பிடித்திருந்தது. விருந்தினர் திரும்பி வந்ததும் ‘சா வு ஸா ப்ல்யு?’ என்று கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்ததா என்று பொருள். ‘செத் நுயி’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இந்த இரவு’ என்று வரும். ஆனால் இறந்தகால வினையோடு வந்தால் அது கழிந்த இரவையே குறிக்கும்.

“‘ழே ஆலே’ என்று சொன்னால் சிரிக்கிறார்கள். போனேன் என்பதற்கு என்னதான் சொல்வது?”

‘ழ சுயி ஸாலே.’ போ, வா, சேர், கிளம்பு, ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு, விழு, தங்கு, பிற, இற முதலான சில வினைகள் ‘ஆவுவார்’ என்பதற்குப் பதிலாக ‘ஏத்ர்’ என்ற துணைவினையை எடுக்கின்றன. மலைப்பாதையில் அடிக்கடி தேவைப்படும் வாக்கியம் ஒன்று: ‘அன் நார்ப்ர் ஏ தோம்பே ஸ்யுர் லா ரூத்’, சாலையில் மரம் விழுந்துவிட்டது.

இவற்றுள் சில வினைகள் செயப்படுபொருள் வந்தால் கட்சி மாறும். ‘ஓன் நே மோன்தே’ என்றால் ஏறினோம். ‘ஓன் நா மோன்தே லே பாகாழ்’ என்றால் பெட்டிகளை மேலே ஏற்றினோம். ‘அன் கோர் ஏ பாஸே’ என்றால் ஒரு காட்டுமாடு கடந்து போயிற்று. ‘ழே பாஸே தெ ஸேர் ஆ பேரிஜம்’ என்றால் பேரிஜத்தில் இரண்டு மணி நேரம் கழித்தேன். தமிழில் ஏறு–ஏற்று என்று தன்வினை, பிறவினைக்கு வெவ்வேறு வடிவம் உண்டு. பிரெஞ்சு அந்த வேலையைத் துணைவினையிடம் ஒப்படைத்திருக்கிறது. ‘ஏத்ர்’ வரும்போது எழுத்தில் பால், எண் இணக்கம் தேவை. பேச்சில் அது பெரும்பாலும் காதில் விழுவதே இல்லை.

“பார்த்தேன் என்பதற்கு ‘வ்யு’வா, ‘ரகார்தே’வா?”

கண்ணில் பட்டதென்றால் ‘ழே வ்யு’. நின்று கவனித்துப் பார்த்திருந்தால் ‘ழே ரகார்தே’. காட்டுமாட்டை முதலில் ‘ழே வ்யு’; பிறகு அது மேய்வதைச் சற்று நேரம் ‘ழே ரகார்தே’.

‘கேட்டேன்’ இன்னும் சிக்கலானது, ஏனெனில் அந்த ஒரு சொல் மூன்று வேலைகளைப் பார்க்கிறது. காதில் விழுந்தால் ‘ழே ஆன்தான்த்யு’. காது கொடுத்துக் கேட்டால் ‘ழே ஏகூத்தே’. கேள்வியாகக் கேட்டால் ‘ழே தமான்தே’. ‘இரவில் ஒரு சத்தம் கேட்டது’ என்பதற்கு முதலாவதுதான் பொருந்தும்: ‘செத் நுயி, ழே ஆன்தான்த்யு அன் ப்ருயி.’

“காட்டுமாடு சாலையைக் கடப்பதைப் பார்த்தேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா?”

முடியும், அது தமிழைவிட எளிது. ‘ழே வ்யு அன் கோர் த்ராவெர்ஸே லா ரூத்.’ கடைசி வினையை எந்த மாற்றமும் இல்லாமல் மூல வடிவத்திலேயே வைத்துவிடலாம். ‘ழே ஆன்தான்த்யு’ என்பதற்குப் பிறகும் இதே அமைப்பு செல்லும்.

“ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்வது எப்படி? பனிக்காலத்தில் கோக்கர்ஸ் வாக்கில் அதுதானே நடக்கிறது.”

எதிர்மறைச் சொற்கள் துணைவினையைச் சுற்றி நிற்கும்: ‘ழ நே பா வ்யு’, பார்க்கவில்லை. பேச்சில் ‘ழே பா வ்யு’ என்று சுருங்கிவிடும். அதைக் கேட்டால் திடுக்கிட வேண்டாம். ‘ஒன்றும்’ என்பதற்குரிய ‘ரியேன்’ எச்சத்துக்கு முன்னால் வரும்: ‘ழ நே ரியேன் வ்யு.’ ‘ஒருவரையும்’ என்பதற்குரிய ‘பெர்சொன்’ எச்சத்துக்குப் பின்னால் வரும்: ‘ழ நே வ்யு பெர்சொன்.’ இந்த இடமாற்றத்துக்குத் தமிழில் துணை இல்லை; மனப்பாடம் செய்வதே வழி. காரணத்தையும் சேர்க்க வேண்டுமானால்: ‘ஓன் நா ரியேன் வ்யு ஆ கோஸ் த்யு ப்ருயார்’, மூடுபனியால் எதையும் பார்க்க முடியவில்லை.

“‘கதவு திறந்திருக்கிறது என்பதைக் கவனித்தேன்’ – இதில் இரண்டு வினைகளுக்கும் எந்தக் காலம்?”

‘ழே ரமார்க்கே க லா போர்த் ஏத்தே ஊவேர்த்.’ கவனித்தது நிகழ்ச்சி, ஆகவே பாஸே கொம்போஸே; கதவு திறந்திருந்தது நிலவரம், ஆகவே ஏம்பார்ஃபே. தமிழில் உள்வாக்கியத்தை நிகழ்காலத்தில் விட்டுவிடுவது தவறில்லை. நாம் அதைக் கவனித்த கணத்திலிருந்து பார்த்துச் சொல்கிறோம். பிரெஞ்சு, பேசும் கணத்திலிருந்து பார்க்கிறது. முதன்மை வினை இறந்தகாலத்துக்குப் போனால் உள்வினையையும் கூட்டிக்கொண்டு போகும்.

நம் ஊரிலேயே நடந்த ஒரு பெரிய அவதானிப்பை இதே வடிவில் எழுதலாம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட் கண்டறிந்தார். அந்த விளைவு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. பிரெஞ்சில்: ‘எவர்ஷெட் ஆ ரமார்க்கே க ல காஸ் பூழே.’ வாயு நகர்ந்துகொண்டிருந்ததை எவர்ஷெட் கவனித்தார். ஆண்டு, தேதி குறிப்பிட்டுச் சொல்லும் கண்டுபிடிப்புக்குப் பேச்சில் பாஸே கொம்போஸேதான்.

ஒரு விலக்கு உண்டு. இன்றும் மாறாத பொது உண்மையை நிகழ்காலத்திலேயே விட்டுவிடலாம்: ‘ழே தி க ல குறிஞ்சி ஃப்லெரி தூ லே தூஸ் ஆன்’, குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்று சொன்னேன். ஆனால் 2018-இல் பூத்ததைச் சொல்லும்போது அது ஒரு நிகழ்ச்சி. ‘ஆ ஃப்லெரி’ என்றே சொல்ல வேண்டும்.

“காட்டுப் பாதையில் யானை லத்தி கிடக்கிறது. யானையை நான் பார்க்கவில்லை. ‘யானை வந்திருக்கிறது’ என்று எப்படிச் சொல்வது?”

மிக நல்ல கேள்வி. தமிழில் ‘யானை வந்தது’ என்றால் நடந்ததை அப்படியே சொல்கிறீர்கள். ‘யானை வந்திருக்கிறது’ என்றால் தடயத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறீர்கள். ஊகத்துக்குப் பிரெஞ்சில் ‘ஆ த்யு’ என்ற அமைப்பைப் பயன்படுத்துங்கள்: ‘அன் நேலேஃபான் ஆ த்யு பாஸே பார் இசி’, இந்த வழியாக ஒரு யானை போயிருக்க வேண்டும். காலையில் தரை ஈரமாக இருந்தால் ‘இலா த்யு ப்லெவுவார் செத் நுயி’ என்று சொல்லலாம். நேரில் கண்டதையும் ஊகித்ததையும் ஒரே தொனியில் சொல்லும் வழிகாட்டியை விருந்தினர்கள் வெகுநேரம் நம்ப மாட்டார்கள் என்பதால், இந்த அமைப்பை விரைவிலேயே கற்றுக்கொள்ளும்படி எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன்.

“நானும் பார்க்கவில்லை, தடயமும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ‘சிறுத்தை வந்ததாம்’ என்பதில் வரும் அந்த ‘ஆம்’ பிரெஞ்சில் உண்டா?”

வினையின் இறுதியில் ஒட்டும் விகுதியாக இல்லை. வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் தொடராக உண்டு. ‘இல் பாரே கன் லேயோபார் ஏ வன்யு.’ ‘இல் பாரே க’ என்பது நம் ‘ஆம்’ சொல்வதைக் கிட்டத்தட்ட முழுமையாகச் சொல்லிவிடுகிறது: செய்தி என்னுடையதன்று, பொறுப்பும் என்னுடையதன்று. சொன்னவர் யாரோ ஒருவர் என்று காட்ட ‘ஓன் மா தி க’ (என்னிடம் சொன்னார்கள்) என்று தொடங்கலாம். பத்திரிகைகள் இதையே ‘ஸரே வன்யு’ என்று வினை வடிவத்திலேயே காட்டும். அதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும்.

நமக்கு ‘ஆம்’ கடைசியில் வருவதால், வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் பேசத் தொடங்கிவிடுகிறோம். பிரெஞ்சில் வாயைத் திறக்கும் முன்பே கேள்விப்பட்டதா, கண்டதா என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

“‘இப்போதுதான் போயிற்று’ என்பதற்கும் பாஸே கொம்போஸேதானா?”

அதற்குத் தனி வடிவம் உண்டு: ‘இல் வியேன் த பாஸே.’ வடிவத்தில் நிகழ்காலம், பொருளில் இறந்தகாலம். அதையே பின்னாளில் நினைவுகூர்ந்து ‘அப்போதுதான் போயிருந்தது’ என்று சொல்லும்போது ‘இல் வனே த பாஸே’ ஆகும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ‘பத்து வருடமாகப் பூம்பாறையில் இருக்கிறேன்’ என்பதை ‘ழாபித் ஆ பூம்பாறை தபுயி தீஸ் ஆன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்ல வேண்டும். தமிழும் அப்படித்தான் சொல்கிறது. ஆங்கில வழியில் படித்தவர்கள்தான் இங்கே தேவையில்லாமல் இறந்தகாலத்தைத் தேடுகிறார்கள்.

“டெல்ஃப் ஏ2 தேர்வில் இதெல்லாம் எங்கே வரும்?”

டெல்ஃப் என்பது பிரெஞ்சு மொழித்திறனுக்கான சான்றிதழ்த் தேர்வு; ஏ2 அதன் தொடக்க நிலைகளில் ஒன்று. அதன் எழுத்துப் பகுதியில், நடந்த ஒரு நிகழ்ச்சியையோ சொந்த அனுபவத்தையோ ஏறக்குறைய 60 சொற்களில் விவரிக்கச் சொல்வார்கள். முதல் வாக்கியத்திலேயே பொழுது, வானிலை, இடம் ஆகியவற்றை ஏம்பார்ஃபேயில் வைத்துவிடுங்கள். அடுத்து நிகழ்ச்சிகளைப் பாஸே கொம்போஸேயில் சொல்லுங்கள். ‘சேத்தே’ என்று தொடங்கி உங்கள் கருத்தை எழுதுங்கள். மேலே லா சலேத் கதையில் கண்ட அமைப்பே இதற்கும் போதும்.

“கோயில் வரலாறு சொல்லும் ஒரு பிரெஞ்சு நூலில் ‘இல் ஸோன் வ்யு’ என்ற இடத்தில் ‘இல் வீர்’ என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?”

பிழையன்று. அது பாஸே சேம்ப்ல் எனப்படும் எழுத்துநடை இறந்தகாலம். வரலாறு, கதை ஆகியவற்றில் வரும். பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை. கண்டால் இனம் தெரிந்தால் போதும், பேசிப் பழக வேண்டாம்.

“சாப்பாடு முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்க ‘சேத்தே போன்?’ என்பேன். பிரெஞ்சுக்காரர்கள் ‘சா ஆ எத்தே?’ என்கிறார்கள். எது சரி?”

இரண்டும் சரி, பார்வைதான் வேறு. ‘சேத்தே போன்?’ என்றால் சாப்பாடு எத்தகையதாக இருந்தது, சுவையாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். ‘சா ஆ எத்தே?’ என்றால் முடிந்துபோன ஒன்றை முழுதாக எடுத்து, எல்லாம் நல்லபடியாக அமைந்ததா என்று கேட்கிறார்கள். ஓட்டல்களிலும் பயணம் முடிந்து வருகிறவரிடமும் இந்த இரண்டாவது கேள்வி மிகுதியாகக் கேட்கும். விடை சொல்லும்போது பெரும்பாலோர் நிலவரத்துக்குத் திரும்பிவிடுவார்கள்: ‘வீ, சேத்தே த்ரே போன்.’

“அப்படியானால் ஒரே வாக்கியத்தை இரண்டு காலத்திலும் சொல்லலாம் என்ற நிலை வேறு எங்கெல்லாம் வரும்?”

வானிலையில் வரும். ‘இல் ஃபெஸே ஃப்ருவா’ என்றால் குளிராக இருந்தது. அதன் நடுவில் வேறொன்று நடக்கப்போகிறது என்று கேட்பவர் காத்திருப்பார். ‘இலா ஃபே ஃப்ருவா செத் நுயி’ என்றால் நேற்றிரவு குளிரடித்தது, செய்தியே அவ்வளவுதான். தமிழில் ‘குளிராக இருந்தது’, ‘குளிரடித்தது’ என்று நாம் மாற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இந்த வேறுபாடுதான்.

நினைப்பைச் சொல்லும் வினைகளில் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். மூடுபனியில் ஒரு பாறையைக் காட்டுமாடு என்று எண்ணிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘ழ க்ருவாயே க சேத்தே அன் கோர்’ என்றால் அந்த எண்ணத்திலேயே சற்று நேரம் இருந்திருக்கிறீர்கள். ‘ழே க்ர்யு க சேத்தே அன் கோர்’ என்றால் அந்த எண்ணம் சட்டென்று தோன்றியது, பெரும்பாலும் உடனே கலைந்தும் போயிருக்கும். இரண்டிலும் ‘சேத்தே’ மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் கதவு வாக்கியத்துக்குச் சொன்னதே. வழிகாட்டிகளுக்கு இரண்டாவது வடிவமே அடிக்கடி தேவைப்படும். அதைச் சொல்லிவிட்டு ‘மே சேத்தே அன் ரொஷே’, ஆனால் அது ஒரு பாறை, என்று முடித்துக்கொள்ளலாம்.